கஞ்சிப் பாசி

சென்னை மாநகரின் வடபால், இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடற்கரைச் சாலையில் நடப்போர் ஒரு காட்சியைக் காணாது செல்லுதல் இயலாது. ஒரு புறம் துறைமுகத்தை நோக்கிச் சரக்கு லாரிகள் இடையறாது ஓடும். மறு புறம் கரை நெடுகக் கருங்கற் பாறைகள் குவிந்து கிடக்கும். அலை வந்து மோதிப் பின்வாங்குந்தோறும் அப்பாறைகளின் அடியில் பச்சைப் பட்டு விரித்தாற்போலப் பாசி பளபளக்கும்.

2024-ஆம் ஆண்டு, நோன்பு மாதத்து மாலை ஒன்றில் யான் அச்சாலையோரமாக உலவி வருகையில், எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தான். பையிலிருந்து நீர் சொட்டிற்று.

"என்ன தம்பி, மீனா?" என்றேன்.

"இல்லை ஐயா, கடல்பாசி. நோன்பு திறக்க அம்மா கடல்பாசி காய்ச்சுவார்கள். கடையில் விலை ஏறிவிட்டது என்று சொன்னார்கள். இங்கேதான் இவ்வளவு கிடக்கிறதே என்று பறித்து வந்தேன்."

"இதனை வீட்டிற்குக் கொண்டு செல்லாதே" என்று தடுத்தேன். அவன் முகம் வாடிற்று. ஆயினும் கேள்வி கேட்க அஞ்சாதவன் அவன். "கடையில் விற்பதும் கடலிலிருந்து வந்ததுதானே, ஐயா?" என்று வினவினான்.

கடலிலிருந்து வந்ததுதான். ஆனால் எந்தப் பாசி, எந்தக் கடல் என்பவற்றைப் பொறுத்தே அஃது உணவாவதும் ஆகாததும் அமையும். அன்று அவனுக்கு நின்றவாறே உரைத்தவற்றையும், பின்னர் நூல்களிற் கண்டு தெளிந்தவற்றையும் இங்கு எழுதுகின்றேன்.

பாசி என்னும் சொல் பசுமை என்பதன் அடியாகப் பிறந்தது. குளத்து நீரில் படர்வதும் பாசி. பயறு வகையுள் ஒன்றும் பாசிப்பயறு. கழுத்தில் அணிவதும் பாசிமணி. பிரியாணிக்கும் கறிக்கும் மணமூட்ட இடும் கல்பாசியோ, பாறையிலும் மரப்பட்டையிலும் படர்வது. அதற்கும் கடலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இராயபுரத்துக் கடைகளில் வெண்ணிற நாராகக் கட்டிவைத்து விற்கப்படும் கடற்பாசியைச் சிலர் 'சைனா கிராஸ்' என்பர். அது புல்லும் அன்று. நாம் காணும் வடிவில் பாசியும் அன்று. பாசியைக் காய்ச்சி வடித்து உலர்த்தி எடுத்த சாரம் அது. மலாய் மொழியில் அதன் பெயர் 'அகர் அகர்'. இன்று உலகெங்கும் அப்பெயரே வழங்குகின்றது.

கடலில் வளரும் பாசிகளை நிறம் பற்றிப் பச்சை, பழுப்பு, சிவப்பு என மூவகையாகப் பிரிப்பர். இவற்றுள் அகர் தருவது சிவப்புப் பாசி ஒன்றே. சிறுவன் பறித்ததோ பச்சைப் பாசி. அதனை எத்துணை நேரம் காய்ச்சினும் பால் உறையாது. அவன் அன்னையாரின் விறகும் உழைப்புமே வீணாகியிருக்கும் என்றேன். "எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு, ஐயா" என்று அவன் திருத்தினான்.

பாசிக்கு மரஞ்செடிகளைப் போல வேர் இல்லை. தனக்கு வேண்டிய உணவை அது தன்னைச் சூழ்ந்த நீரிலிருந்தே உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். பற்றிக்கொள்ள மட்டும் அதற்குத் திண்ணிய இடம் வேண்டும். மணலில் அது நிலைகொள்ளாது. பழங்காலத்து இராயபுரக் கரை மணற்கரையாக இருந்தது. 1870-களில் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கிக் கடலினுள் சுவர்கள் நீட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் தடுக்கப்பட்டது. துறைமுகத்தின் தென்பால் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடபால் கடல் கரையை அரித்தது. குப்பங்களைக் காக்கும் பொருட்டே இப்பாறைகள் கொட்டப்பட்டன. பாறை வந்தபின் பாசியும் வந்தது. தமிழ்நாட்டில் பாசி வளத்திற்குப் பெயர்பெற்ற இடம் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா. அங்கே பவளப்பாறைகள் இயற்கையாகவே கடலடியில் பரந்து கிடத்தலே அவ்வளத்திற்குக் காரணம்.

இராமநாதபுர மாவட்டத்து மீனவர் பாசிகளுக்கு இட்டுள்ள பெயர்கள் கேட்டற்கு இனியன. பழுப்புப் பாசி ஒன்றனுக்குக் கட்டக்கோரை என்று பெயர். சிவப்புப் பாசிகளுள் ஒன்று மரிக்கொழுந்துப் பாசி. அதன் கிளையமைப்பு மரிக்கொழுந்தை ஒத்திருக்கும். மற்றொன்று கஞ்சிப் பாசி. கரையோர மக்கள் அதனைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்து வந்தமையால் அப்பெயர் பெற்றது. அறிவியலார் ஆய்வுக்கூடத்தில் கண்டறியும் முன்னரே, இப்பாசி நீரைக் கெட்டிப்படுத்தும் என்பதை அம்மக்கள் தம் அடுப்படியில் அறிந்திருந்தனர் என்பதற்கு இப்பெயரே சான்று.

நீரைக் கெட்டியாக்குதல் நம் அடுக்களைக்குப் புதிதன்று. குழம்பு நீர்த்துப் போயின் அரிசி மாவைக் கரைத்து விடுவர். கேழ்வரகு மாவு கூழாகும். சவ்வரிசி பாயசத்தைத் திரட்டும். கூழ், களி, கஞ்சி, குழம்பு, பாகு, பச்சடி என நீர்மைக்கும் திண்மைக்கும் இடைப்பட்ட நிலைகளுக்கு நம் மொழியில் எத்தனை சொற்கள்! ஆயினும் மாவினாற் கெட்டியானது கலங்கித் தோன்றும்; மாவின் சுவையும் அதில் தட்டும். அகரோ தெளிந்து நிற்கும். தனக்கெனச் சுவை இல்லாதது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழப் பத்துக் கிராம் அகர் போதும். பால் முழுதும் இளநுங்கு போல உறைந்துவிடும்.

நூறு பங்கில் ஒரு பங்கே உள்ள பொருள், எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கையும் எவ்வாறு பிடித்து நிறுத்துகின்றது? அகர் என்பது பெரும்பாலும் காலக்டோஸ் என்னும் ஒருவகைச் சர்க்கரையின் அணுத்திரள்கள் சங்கிலிபோல நீளக் கோத்து அமைந்த பொருள். கொதிநீரில் இச்சங்கிலிகள் தனித்தனியே பிரிந்து மிதக்கும். நீர் ஆறும்பொழுது இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய புரிகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகும். காசிமேட்டில் வலை பின்னுவோரைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். நூல் சிறிதே, அது வளைக்கும் இடமோ பெரிது. அகர் வலையின் கண்களில் சிக்குவது மீன் அன்று, நீர். இவ்வலைக்கு மற்றொரு தனியியல்பும் உண்டு. ஏறத்தாழ 40 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறினால் உறையும். உறைந்ததனை மீண்டும் உருக்க 85 பாகை அளவிற்குச் சூடேற்ற வேண்டும். ஆதலின் சித்திரை வெயிலிலும் அது நெகிழ்வதில்லை. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினோ நம் உடற்சூட்டிற்கே உருகிவிடும். புலால் உண்ணாதாரும், இன்ன விலங்கின் பொருள் ஆகாது என விலக்குவோரும் அகரை ஐயமின்றி ஏற்பதற்கு அது பாசியிலிருந்து பிறந்ததே காரணம்.

இவ்வியல்பு உணவிற்கு மட்டுமன்றி மருத்துவத்திற்கும் பெரும்பயன் தந்தது. 1881-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில், நோய்க்கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் பணியாற்றினார். கிருமிகளைத் தனித்தனியே வளர்த்துக் காண்பதற்கு ஜெலட்டின் தளத்தை அவர்கள் பயன்படுத்தினர். கோடையில் அஃது உருகிற்று. கிருமிகள் சில அதனையே தின்று நீராக்கின. வால்தரின் மனைவியார் ஃபேனி ஹெஸ்ஸே அவர் பணிக்குத் துணைநின்றவர். தாம் பழங்கூழ் செய்யும் அகர் வெயிலிலும் உருகாமையைச் சுட்டி, அதனைப் பயன்படுத்திப் பார்க்குமாறு அவ்வம்மையார் கூறினார். சாவாத் தீவில் வாழ்ந்திருந்த அண்டை வீட்டார் ஒருவரிடமிருந்து இளமையில் அவர் அச்சமையலைக் கற்றிருந்தார். அவர் கூறியவாறே செய்தனர், கருத்து முற்றிற்று. 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றிக் கோக் வெளியிட்ட கட்டுரையில் அகரைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. அம்மையார் பெயர் அதில் இல்லை. அகரை ஊற்றிவைக்கும் கண்ணாடித் தட்டு மட்டும் அதனை அமைத்த பெட்ரியின் பெயரால் இன்றும் வழங்குகின்றது. இராயபுரத்து ஸ்டான்லி மருத்துவமனை போன்ற பெருமருத்துவமனைகளில் குருதியையும் சளியையும் ஆய்வுக்கு அனுப்புகின்றனர் அன்றோ? அவற்றிலுள்ள கிருமிகளுட் பலவற்றை வளர்த்துக் காண்பதும் அகர்த் தட்டிலேதான்.

அகர் செய்யும் முறையை உலகிற்குத் தந்தவர் சப்பானியர். பாசியைக் காய்ச்சி உறைந்த கூழைப் பனிக்கால இரவில் வெளியே வைப்பர். அதிலுள்ள நீர் பனிக்கட்டியாகும். பகலில் பனி உருகி வடியும். அதனுடன் உப்பும் நிறமும் கழியும். சில நாளில் வெண்ணிறச் சக்கை எஞ்சும். பதினேழாம் நூற்றாண்டில், விடுதி நடத்திய ஒருவர் எஞ்சிய கூழை முற்றத்தில் எறிந்துவிட, அஃது இவ்வாறு உலர்ந்து கிடக்கக் கண்டதே இதன் தோற்றம் என்று ஒரு கதை வழங்குகின்றது. நம் நாட்டில் அத்தகைய பனி இன்மையின் உறையவைக்கும் எந்திரம் வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரின்பொழுது சப்பானிலிருந்து அகர் வருதல் நின்றுபோகவே, பல நாட்டினரும் தத்தம் கடலை நோக்கினர். இந்தியாவிலும் ஆய்வு முனைந்தது. 1947-இல் தொடங்கப்பெற்ற நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நெடுங்காலம் இயங்கியது. அங்கும் கடற்பாசி ஆராயப்பட்டது. 1960-களிலிருந்து மன்னார் வளைகுடாப் பாசி வணிகப் பொருளாயிற்று; மதுரைப் பகுதியில் அகர் ஆலைகள் எழுந்தன.

அவ்வாலைகளுக்குப் பாசி தருவோர் பெரும்பாலும் பெண்டிர். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, புடைவையின் மேல் ஆடவர் சட்டையை அணிந்து, கண்ணாடிக் கவசம் பூண்டு, மூச்சடக்கி மூழ்கி அவர்கள் பாசி பறிக்கின்றனர். இருபத்தொரு தீவுகளை உள்ளடக்கிய கடல்பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், அத்தீவுகளை அணுகுதற்கு அவர்களுக்குத் தடை ஏற்பட்டது. பவளத்தைக் காத்தல் வேண்டும். அவர்தம் வயிற்றையும் காத்தல் வேண்டும். இவ்விரண்டனுள் எதனை முற்படுத்துவது என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பாசி மீண்டும் தழைக்க இடம் விட வேண்டும் என்றுணர்ந்து, திங்களில் பன்னிரண்டு நாள் மட்டுமே பறிப்பது என அப்பெண்டிருட் பலர் தமக்குத் தாமே வரையறை செய்துகொண்டனர். எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர் பலர் அவருள் உளர். ஆயினும் பாசியை வேரோடு பிடுங்கினாற்போல் அடிவரை பறிக்கலாகாது, நுனியையே கொய்தல் வேண்டும் என்பதை அவர்க்கு எவரும் சொல்லித் தரவேண்டுவதில்லை.

இனி, அகரை உண்பதால் தீங்குண்டோ என்பதைக் காண்போம். அகர் நம் குடலில் செரிப்பதில்லை. நார்ப்பொருள் போல நீரை ஏந்திக்கொண்டு கழிந்துவிடும். மலச்சிக்கல் நீங்க அதனை மருந்தாகவும் தருவதுண்டு. உலக நலவாழ்வு நிறுவனமும் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டாக அமைத்த வல்லுநர் குழு, நாளொன்றுக்கு இவ்வளவே உண்ணலாம் என எல்லை வகுக்கும் தேவை அகருக்கு இல்லை என்று முடிவு செய்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் மீண்டும் ஆராய்ந்து அம்முடிபையே எய்தியது.

எனினும் உலர்ந்த அகரை நீரின்றி விழுங்கலாகாது. நீர் பட்டவுடன் வீங்கும் இயல்பே அதன் பயனுக்குக் காரணம்; அவ்வியல்பே தொண்டையில் நிகழின் இடராகும். கொத்தவரை இனத்து விதையிலிருந்து எடுக்கும் பிசினும் இத்தகையதே. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், உடல் இளைக்கும் என்று விற்கப்பட்ட கொத்தவரைப் பிசின் மாத்திரைகள் சிலர்க்கு உணவுக்குழாயில் வீங்கி அடைத்துக்கொண்டன; அரசு அம்மாத்திரைகளைத் தடுத்தது. அதே பிசின் இன்றும் ஐஸ்கிரீமில் சிறிதளவு கலக்கப்படுகின்றது; அதனால் தீங்கில்லை. நீரில் முற்றும் கரைந்து, சிறிய அளவில் உணவோடு கலந்து செல்லுதலே வேறுபாடு.

உணவுப் பொட்டலங்களின் மேலுறையில் ஐ.என்.எஸ். என்னும் எழுத்துகளை அடுத்து எண்கள் அச்சிட்டிருத்தலை மாணவர் கண்டிருப்பர். 406 என்பது அகர். 401 பழுப்புப் பாசியிலிருந்து வருவது. 412 கொத்தவரைப் பிசின். 415 நுண்ணுயிர் ஒன்றனை வளர்த்துப் பெறும் சாந்தன் பிசின். எண் இட்டிருப்பதனாலேயே அதனை நஞ்சென்று அஞ்சுவோர் உளர், அவ்வச்சம் பொருளற்றது. 407 என்னும் காரகீனனைப் பற்றி மட்டும் சிறிது விரிவாகக் கூற வேண்டியுளது. அதுவும் சிவப்புப் பாசியின் சாரமே. மண்டபத்தை அடுத்த கடலில் 2000-ஆம் ஆண்டையொட்டி மூங்கில் தெப்பங்களில் வளர்க்கத் தொடங்கிய கப்பாபைக்கஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி இதற்கே பயன்படுகின்றது. (அப்பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்ததாக 2008-இல் ஆய்வாளர் எழுதினர், அது வேறொரு வழக்கு.) காரகீனனைக் கடுங்காடியிட்டுச் சிதைத்தபின் எஞ்சும் பொருள் விலங்குகளின் குடலில் புண் உண்டாக்கியது என ஆய்வுகள் காட்டின. உணவில் இடுவது அச்சிதைந்த பொருள் அன்று. ஆயினும் ஐயம் முற்றும் நீங்காமையின், ஐரோப்பிய ஆணையம் 2018-இல் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்று தற்காலிக எல்லை ஒன்று வகுத்தது. ஐயம் உள்ள இடத்தில் அளவு வகுத்தலும், ஐயம் தீர்ந்த இடத்தில் விடுத்தலும் அறிவியலின் நெறி. இரண்டையும் ஒன்றாக எண்ணி எல்லாப் பொட்டலத்தையும் தூற்றுதல் முறையன்று.

அகரின் தூய்மைக்கு வகுத்த விதிகளே நம் சிறுவனின் வினாவிற்கு நேரான விடை தருவன. மேற்கூறிய உலக வல்லுநர் குழுவின் விதிப்படி, ஒரு கிலோ அகரில் ஈயம் 5 மில்லிகிராமுக்கும் ஆர்செனிக் 3 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. பாசிக்கும் ஈயத்துக்கும் என்ன தொடர்பு? பாசி தன் உடல் முழுவதாலும் நீரை உறிஞ்சுவது என முன்னர்க் கூறினோம். நீரில் அயோடின் இருப்பின் அயோடினை ஏற்கும். ஈயம் இருப்பின் ஈயத்தையும் ஏற்கும். நல்லது தீயது என்று பிரித்தறிய அதற்கு இயலாது. கடல் எத்தகையதோ, அத்தகையதே அதன் பாசியும்.

எண்ணூர்க் கடலின் நிலை யாவரும் அறிந்தது. 2017-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்திற்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் தெற்கு நோக்கிப் பரவி இப்பாறைகளிற் படிந்தது. மாணவரும் மீனவரும் வாளிகளால் அதனை அள்ளி நீக்கினர். 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் பெருமழையோடு ஆலை எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகவும் கொசத்தலையாற்றின் வழியாகவும் எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. அனல்மின் நிலையச் சாம்பலோ பல ஆண்டுகளாகவே அக்கழிமுகத்திற் சேர்ந்து வந்துள்ளது. யான் சிறுவனைச் சந்தித்தபொழுது, அவ்வெண்ணெய் படிந்து மூன்று திங்களே கழிந்திருந்தன. பாறையின் வெயில் படாத மறுபுறத்தில் கரிய பிசுக்கு அப்பொழுதும் இருந்தது. அதனை அவனுக்குக் காட்டினேன். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தவன், யான் ஒன்றும் கூறாமலே பையைக் கவிழ்த்தான்.

"நம் கடலில் பறித்தது எக்காலத்தும் உண்ண ஆகாதா, ஐயா?" என்று மட்டும் கேட்டான். அதற்கு யான் உடனே விடை கூறவில்லை. இக்கரையில் பிறந்து, இக்கடல் மீனை உண்டு வளர்ந்தோர் பலர் என் மாணாக்கர்; அவர்தம் ஊரைப் பற்றி அவ்வாறு சொல்ல நா எழவில்லை. நீரையும் பாசியையும் சோதித்து, தூயவை என்று ஆய்வுக்கூடம் சொன்னால் உண்ணலாம் என்றேன்.

கடையில் வாங்கும் அகரிலும் மாவு கலந்து ஏமாற்றுதல் கூடும். அதனை அறிதற்கு எளிய வழி ஒன்றுண்டு. கிராமில் பத்தில் ஒரு பங்கு அகரை 100 மில்லிலிட்டர் நீரில் கொதிக்கவிட்டு, நன்கு ஆறியபின் அயோடின் கரைசல் சில துளி இடல் வேண்டும். நீரில் நீலமோ சிவப்போ தோன்றின் மாவு கலந்துளது. சிறுவன் இதனைக் குறித்துக்கொண்டான். வாங்கிய அகரில் ஒரு நாரைத் தன் பள்ளிக்கு எடுத்துச் சென்று, அறிவியல் ஆசிரியர் முன்னிலையில் சோதித்துப் பார்த்ததாகப் பின்னர்க் கூறினான். அயோடினின் இளமஞ்சள் நிறம் அன்றி வேறு நிறம் தோன்றவில்லையாம். புளிப்புப் பழச்சாற்றோடு அகரை நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதன் வலை அறுந்து கூழ் நெகிழ்ந்துவிடும். சாற்றை இறக்கியபின் சேர்த்தல் நன்று. இதனை யான் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் அன்னையார் சொல்லி அவன் எனக்குச் சொன்னது.

நோன்பு முடிந்த மறுநாள் அவன் மூடியிட்ட கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். பாலில் காய்ச்சிய கடற்பாசி, மேலே இளஞ்சிவப்பாக ஓர் அடுக்கு. கிண்ணத்தைச் சிறிது அசைத்தேன். நடுங்கிற்று, ஆயினும் விண்டு போகவில்லை. ஏலம் மட்டும் சற்று மிகுதி.